முனைக்குப் போகப் போகப் பட்டை அகலமாகிறது, கிளாம்ப்பை எங்கே பிடிப்பது?

மொட்டைக்கத்தி:
6 அங்குல இறைச்சிக் கத்தி. கைப்பிடியிலிருந்து 9 செ.மீ. வரை வாய் (வெட்டும் ஓரம்) நேர், மீதி 6 செ.மீ. முனை வரை மேல்நோக்கி வளைவு. தீட்டும் கருவி, கிளாம்ப்பில் முதுகைக் கவ்விப் பிடித்து, கல் மாட்டிய கம்பியை மூட்டு வழியாக ஓட்டும் வகை. 20 டிகிரி வைத்து 240, 400, 800 கற்களில் (எண் கூடக் கூட நைசான கல்) தீட்டினேன். நேர்ப் பகுதியில் பட்டை (வாயை ஒட்டிக் கல் தேய்த்த சரிவு) 1 மி.மீ., சீராக இருக்கிறது. வளைவில் அகன்றுகொண்டே போய் முனையில் ஒன்றரை மி.மீ.யை நெருங்குகிறது. முனையும் லேசாக உருண்டுவிட்டது. கிளாம்ப் கைப்பிடியிலிருந்து 3 செ.மீ.யில். கோணத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளாதா?

மூலைமட்டம்:
கருவி பார்த்துக்கொள்வது மூட்டின் உயரத்தை மட்டும்தான். மூட்டுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து வாய் எவ்வளவு தூரம் என்பது உங்கள் கையில். அந்தத் தூரத்தை வாய்க்குச் செங்குத்தாக அளக்கணும். நேர் வாயில் எங்கே அளந்தாலும் ஒன்றே. வளைவில், வாயைத் தொட்டபடி ஒரு ஸ்கேலை வைத்து, அந்த ஸ்கேலுக்கு மூலைமட்டம் போட்டு அளந்து பாருங்கள், மாறும்.

நேர்ப் பகுதியில் 100 மி.மீ. இருந்தால் 20 டிகிரிக்கு மூட்டு சுமார் 36 மி.மீ. உயரத்தில் இருக்கணும். முனையில் வாய் 40 டிகிரி திரும்பி, 22 மி.மீ. ஏறியிருக்கிறது என்று வைத்தால், நீங்கள் பிடித்திருக்கும் இடத்திலிருந்து அங்கே 137 மி.மீ. வரும். கோணம் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கோணம் படுத்தால் பட்டை அகலும்.

கிளாம்ப்பை வளைவு தொடங்கும் இடத்துக்கு எதிரே, 8.5 முதல் 9 செ.மீ.க்குள் நகர்த்துங்கள். முனையிலும் தூரம் 100 மி.மீ.யை ஒட்டி வரும். அதையும் தாண்டி முனைப் பக்கம் போனால் நேர் எதிர், முனையில் கோணம் நிமிர்ந்து பட்டை ஒடுங்கும்.

டிஜிட்டல் கோணமானியைக் கல்லின் நீளவாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். நேர் வாயிலேயே ஓரத்துக்குப் போகப் போக எண் குறையும். அது கம்பியின் சாய்வு, பட்டையின் கோணம் இல்லை.

அரக்கல்:
கணக்கு சரி. ஆனால் கல்லை வைக்கும் முன் மார்க்கர். இரண்டு பக்கப் பட்டையிலும் மை பூசி, 800 கல்லால் எடையே கொடுக்காமல் நாலு இழுப்பு. பட்டையின் மேல் ஓரத்தில் (முதுகுப் பக்கம்) மட்டும் மை போனால் கோணம் படுத்திருக்கிறது, வாயில் மட்டும் போனால் நிமிர்ந்திருக்கிறது. உங்கள் முனை ஏற்கெனவே 15 டிகிரிக்குத் தேய்ந்தது. அதனால் கிளாம்ப்பை நகர்த்தியதும் அங்கே வாயோரத்தில் மயிரிழை அளவுதான் மை போகும். அது பிழை இல்லை. பழைய அகலப் பட்டையை ஒரே நாளில் அழிக்கணும் என்று அங்கேயே தேய்த்தால் முனை கரைந்துவிடும்.

முனை உருள்வதற்குக் காரணம் வேறு. கல் முனையைத் தாண்டி வெளியே விழும் கடைசி நொடியில், கையின் எடை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. கல்லின் பாதி அகலம் முனையைத் தொடும்போதே நிறுத்தித் தூக்கிவிடுங்கள்.

கல் மாற்றும்போது தடிமனையும் பாருங்கள். இந்த 100 மி.மீ. தூரத்துக்கு 1 மி.மீ. வித்தியாசம் கிட்டத்தட்ட அரை டிகிரி.

வாள்முனை:
முனைக்கு மட்டும் கோணத்தை ஏற்றித் தனியாகத் தீட்டலாமே?

மூலைமட்டம்:
இரண்டு கோணமும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி விழும், கண்ணுக்கே தெரியும். கத்தி நீளமாக இருந்து கிளாம்ப்பை இரண்டு இடத்தில் பிடித்தே ஆகணும் என்றால், ஒவ்வொரு இடத்திலும் தூரத்தை அளந்து கோணத்தைத் திரும்ப வையுங்கள்.

மொட்டைக்கத்தி:
8.5க்கு நகர்த்தினேன். வளைவு முழுவதும் மை ஒரே கோடாகப் போகிறது. ஆனால் இடப்பக்கம் மட்டும் பட்டை அகலம்.

அரக்கல்:
முதுகிலிருந்து வாய் வரை சரிந்து மெலியும் கத்தி கிளாம்ப்பில் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். இரண்டு தாடைக்கும் ஒரே தடிமனில் தோல் துண்டு கொடுத்து இறுக்குங்கள். பிறகு பக்கத்துக்குப் பக்கம் கோணமானியில் பாருங்கள். அதோடு, 240 கல்லில் குதி (வாயின் கைப்பிடிப் பக்கக் கோடி) முதல் முனை வரை எதிர்ப்பக்கம் பிசிறு (தீட்டும்போது மறுபக்கம் மடங்கி நிற்கும் மெல்லிய உலோகம்) விரலில் தட்டுப்படும் முன் பக்கம் மாற்றாதீர்கள். கிளாம்ப் நின்ற இடத்தைக் கத்தியில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள், அடுத்த முறை அளக்கும் வேலை இருக்காது.