மக்களவைச் செயலகம் யாருக்குக் கட்டுப்பட்டது?

கேள்வி: மக்களவைச் செயலக ஊழியர்கள் நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தின் கீழ்தானே வருகிறார்கள்? அவையைக் கலைத்துவிட்டால் கோப்புகளில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

பதில் 1: அமைச்சகத்தின் கீழ் இல்லை. அரசின் மசோதாக்களை அவையில் நகர்த்துவதுதான் அந்த அமைச்சகத்தின் வேலை. செயலகத்துக்குத் தலைமை சபாநாயகர். அன்றாட நிர்வாகம் அவர் நியமிக்கும் பொதுச்செயலாளர் கையில். அரசமைப்புச் சட்டம் பிரிவு 98 ஒவ்வோர் அவைக்கும் தனிச் செயலகம் தருகிறது. ஊழியர் நியமனம், பணி நிபந்தனைகளுக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். அதுவரை குடியரசுத் தலைவர் விதி வகுக்கலாம். சட்டம் இன்னும் வரவில்லை. மக்களவைக்கு 1955, மாநிலங்களவைக்கு 1957 விதிகள்தான் ஓடுகின்றன. 'அதுவரை' என்ற சொல்லுக்கு எழுபதைத் தாண்டிய வயது!

பதில் 2: கலைப்பு பற்றி: பிரிவு 94 பாருங்கள். அவை கலைந்தாலும் சபாநாயகர் பதவி போகாது, புதிய அவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரை நீடிக்கும். அதனால் கோப்பு தேங்காது.

பதில் 3: பணத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சபாநாயகர், துணை சபாநாயகர் சம்பளம் அவையில் வாக்கெடுப்பு இல்லாமலே தொகுப்பு நிதியில் (மத்திய அரசின் முதன்மைக் கருவூலக் கணக்கு) இருந்து போகும். ஊழியர் சம்பளம் அப்படியில்லை, மானியக் கோரிக்கையாக, அதாவது செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் கோரிக்கையாக, வாக்கெடுப்புக்கு வரும். உச்ச நீதிமன்றத்துக்கோ பிரிவு 146(3)படி ஊழியர் சம்பளம் உட்பட நிர்வாகச் செலவு முழுக்க வாக்கெடுப்புக்கு அப்பால். நாடாளுமன்றம் தன் செயலகத்துக்கு அந்த வேலியைப் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேடிக்கைதான்.

கேள்வி கேட்டவர்: நன்றி சார். பதவி உயர்வு வழக்கென்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமா?

பதில் 1: அரசு ஊழியர் பணி வழக்குகளை விசாரிக்கும் இடம்தான், ஆனால் அங்கே போகாதீர்கள். 1985 தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 2, நாடாளுமன்றச் செயலக ஊழியர்களை வெளியே வைத்துவிட்டது. மனு எண்ணிட்டுப் பதிவாகும் முன்பே திரும்பி வரலாம், மாதங்கள் வீண். அரசமைப்புச் சட்டம் பிரிவு 226இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. நாடாளுமன்ற அதிகாரிகள் விஷயத்தில் நீதிமன்றம் தலையிட முடியாது என்னும் பிரிவு 122(2) தடுக்காதா என்று கேட்பார்கள். அது அவை நடைமுறை, அலுவல், ஒழுங்கு சார்ந்த அதிகாரங்களுக்குத்தான் காப்பு.

பதில் 2: கோப்பு நகல் வேண்டுமானால் முதலில் தகவல் உரிமை மனு போடுங்கள். இரண்டு செயலகங்களும் தனித்தனிப் பொது அதிகார அமைப்புகள். மாநிலங்களவைக் கோப்பை மக்களவையில் கேட்டால் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(3)படி ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும்; உங்களுக்கு அந்த நாட்கள் போச்சு.