புதுப்பிப்பு: பானெட்டுக்கு அடியில் விரிசல், வாரன்டி மறுப்பு

உயரத்தை 2 அங்குலம் கூட்டும் லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போட்ட என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பானெட்டுக்கு அடியில் தகட்டில் விரிசல் விட்டதையும், மாற்றம் செய்த வண்டிக்கு வாரன்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

அம்பத்தூரில் பல வருடமாக டிங்கர் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். சீலன்ட்டை நகத்தால் சுரண்டிவிட்டு டார்ச் அடித்தார். ஸ்பாட் வெல்டின் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிய இடம்) ஓரத்தில் முடி போல ஆரம்பித்து ஒரு விரல் நீளத்துக்கு ஓடியிருக்கிறது, உள்ளே துரு. "தம்பி, இது நேத்து வந்தது இல்ல" என்றார். ஆனால் சென்னை உப்புக்காற்றில் துருவை மட்டும் ஆதாரமாக வைக்க முடியாது. அப்புறம்தான் பேட்டரி மாற்றியபோது எடுத்த போட்டோ ஞாபகம் வந்தது. கிட் போடுவதற்கு முன்பு எடுத்தது, அதிலேயே அந்தக் கோடு தெரிகிறது!

கனமான டயரும் கெட்டியான ஸ்பிரிங்கும் பாடிக்கு அதிக அதிர்ச்சியைக் கடத்தும், அதை நான் மறுக்கவில்லை. இந்த விரிசலுக்கு அதுதான் காரணம் என்று எழுத்தில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன், இன்றுவரை கொடுக்கவில்லை.

சரி, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும், தகட்டை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. அந்தச் சோதனை முடியும்வரை வெல்டிங் வைக்கப் போவதில்லை. விரிசலின் இரண்டு முனையிலும் மார்க்கரால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.