கலிபோர்னியாவில் இருந்தபடி வெளிமாநிலக் கல்லூரியில் செவிலியர் படிப்பு: சேரலாமா?

கேள்வி: சாக்ரமெண்டோவில் வசிக்கிறேன். வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்றில் இணையவழிச் செவிலியர் முதுகலைக்கு இடம் கிடைத்தது. நேற்று முன்பணம் கட்டும் நேரத்தில்தான் சேர்க்கைக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில், 'சில மாநிலத்தவரைச் சேர்க்க இயலாது' என்று கண்டேன். கை அப்படியே நின்றுவிட்டது. கல்லூரி, வெளிமாநில மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்த வழிசெய்யும் மாநிலங்களுக்கிடையேயான 'சாரா' (SARA) ஒப்பந்தத்தில் இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. சாராவில் 49 மாநிலங்கள் சேர்ந்துள்ளன. கலிபோர்னியா மட்டும் சேரவில்லை. லாப நோக்குள்ள கல்லூரி என்றால் உங்கள் மாநிலத்தின் தனியார் உயர்கல்விப் பணியகத்தில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

பதில்: பதிவு இருந்தாலும் தொழில் உரிமம் வேறு விஷயம், அக்கா. சாரா அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. மாநிலச் செவிலியர் வாரியம் இந்தப் படிப்பை ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள்.

கேட்டவர்: இரண்டு இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை ஒரு டாலர்கூடக் கட்டமாட்டேன். மிக்க நன்றி.