மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் வயிற்றுவலிக்கும் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி

என் மகனுக்கு 7 வயது. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும்) இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் மதிப்பீட்டுக்குப் பதிவு செய்துவிட்டு எட்டு மாதங்களாகக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறான். வயிற்றுப்போக்கு போல உள்ளாடையில் அடிக்கடி மலம் கசிகிறது. இரவில் வெகுநேரம் தூக்கம் வராமல் கால்களை உதறிக்கொண்டே கிடக்கிறான். மருத்துவரிடம் சொன்னபோது, எல்லாம் அதோடு சேர்ந்ததுதான், மதிப்பீடு முடியட்டும் என்று அனுப்பிவிட்டார். அதுவரை பொறுத்திருப்பதுதான் முறையா?

பதில் 1

பொறுத்திருக்க வேண்டாம். என் மகளுக்கும் இதே கசிவு இருந்தது. வயிற்றுப்போக்கு என்றே நாங்களும் நம்பினோம். உண்மையில் அது நாள்பட்ட மலச்சிக்கல். குடலின் கடைசிப் பகுதியில் மலம் இறுகித் தேங்கும்போது அந்த இடம் விரிந்து, மலம் வருகிற உணர்வே மங்கிவிடுகிறது. பின்னால் வரும் இளகிய மலம் இறுகியதைச் சுற்றிக்கொண்டு பிள்ளைக்குத் தெரியாமலேயே வெளியேறுகிறது. இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வது பெரிய அநியாயம் (நான் செய்திருக்கிறேன்). ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மலச்சிக்கல் அதிகம் காணப்படுவது உண்மைதான்; சில உணவுகளை மட்டுமே ஏற்பது, கழிப்பறையின் சத்தத்துக்கும் வாடைக்கும் அஞ்சி அடக்கிக்கொள்வது போன்றவை அதற்குக் காரணமாகலாம். ஆனால் அடிக்கடி காணப்படுகிறது என்பதற்காக அதற்கு மருத்துவம் வேண்டாம் என்று ஆகிவிடாது. மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. கசிவு நின்றதும் நாங்களாகவே நிறுத்தியதால் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. உணவுக்குப் பிறகு குடல் இயல்பாகவே அசையும் என்பதால், அந்த நேரத்தில் பாதம் ஊன்றப் பலகை வைத்துச் சில நிமிடங்கள் உட்கார வைத்ததும் உதவியது.

பதில் 2

நான் குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மதிப்பீட்டில் பார்க்கப்படுபவை பழகும் விதம், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், கவனம், துறுதுறுப்பு போன்றவையே. வயிறு ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் விடை இருக்காது. ஆகவே நீங்கள் காத்திருப்பது இதற்கான விடைக்கே அல்ல. கால் உதறலைத் தனியாகச் சொல்லுங்கள்: உடலின் இரும்புச்சத்து இருப்பு குறைந்தாலும் இப்படி நேரலாம், ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையில் அது தெரியும். பரிசோதிக்காமல் இரும்புச்சத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் அது நஞ்சு. தன் உடலுக்குள் நடப்பதை இனம்காண ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சிரமப்படுவதால், பல்வலியோ காதுவலியோ கூடத் தலையை முட்டிக்கொள்வதாகவும் திடீர்ச் சினமாகவும் வெளிப்படலாம். மலத்தில் ரத்தம், எடை குறைதல், தொடர் வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

பதில் 3

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனாலும் பள்ளி நாள் காலையில் மட்டும் வலி வருகிறதா என்பதையும் கவனியுங்கள். என் மகனுக்கு விடுமுறையில் வலியே இருந்ததில்லை, பதற்றம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதற்காக அவன் நடித்தான் என்று பொருளல்ல. பதற்றத்தால் வருகிற வலியும் வலிதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. யோசித்துப் பார்த்தால், சென்ற விடுமுறையில் வயிற்றுவலி குறைந்தது, கசிவு குறையவில்லை. மலம் கழித்த நாள், வலி வந்த நேரம், தூங்கிய நேரம் ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்துக்கொண்டு, மதிப்பீட்டைப் பற்றி வாயே திறக்காமல் வேறொரு குழந்தை மருத்துவரிடம் வயிற்றுக்காக மட்டும் காட்டலாம் என்றிருக்கிறேன்.

பதில் 2

குறித்துவையுங்கள், ஆனால் மதிப்பீட்டை மறைக்க வேண்டாம். அவனைத் தொட்டுப் பரிசோதிக்கும் முறையை அவர் மாற்றிக்கொள்ள அது தெரிந்திருக்க வேண்டும். "அது தனியாக நடக்கட்டும், இன்று வயிற்றைப் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.