பாசிக்குடாப் பக்கம் நம்மட சாப்பாடு எங்கே கிடைக்கும்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வைகாசியில் என் சினேகிதி சென்னையிலிருந்து வருகிறாள். மட்டக்களப்பு மாவட்டக் கடற்கரையான பாசிக்குடாவில் இரண்டு நாள், பிறகு மட்டக்களப்பு டவுனில் ஒரு நாள். கடல் குளிப்புக்குக் குறையில்லை, அந்த நேரம் அலையே இராது. பிரச்சினை சாப்பாடுதான். போன முறை தங்கிய இடத்தில் மூன்று நேரமும் பிரைட் ரைசும் நூடுல்ஸும். வாவி நண்டு இருக்கிற ஊரில் இது என்ன கொடுமை!

பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்த அரிசிமாப் பிட்டை அவள் கண்டதில்லை, குழாய்ப் புட்டுத்தான் தெரியுமாம். அதோடு இறால் கறி, மாசிக்கருவாட்டுச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல். இதையெல்லாம் விறகடுப்பில் சமைத்துத் தருகிற வீடுகள் கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் இருக்கிறதா? முதல் நாளே சொல்லிவைக்க வேண்டுமா? ஆளுக்கு எவ்வளவு வரும்?

காத்தான்குடியில் மஸ்கற் இனிப்பு வாங்க நல்ல கடையும் சொல்லுங்கள்.

இன்னொன்று: சட்டியோடு எருமைத் தயிர் வாங்கி இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோக ஆசை. யாராவது உடையாமல், புளிக்காமல் கொண்டுபோயிருக்கிறீர்களா? எப்படிக் கட்டினீர்கள்?