பிரேக்த்ரூ டைம்: ‘ஊடுருவு நேரம்’ வேண்டாம், ‘பொசிவு’ இருக்கிறதே

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு வேதிப்பொருள் கையுறையைக் கடந்து உள்பக்கம் வரத் தொடங்க எடுக்கும் நேரத்தை ஆங்கிலத்தில் ‘பிரேக்த்ரூ டைம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ‘ஊடுருவு நேரம்’ என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் ஒரு முட்டுக்கட்டை போட்டுவிடுகிறேன்.

ஊட்டியில் பழைய பங்களாக் கதவுகளை உரித்துப் பாலிஷ் போடும் பட்டறை என்னுடையது. பெயிண்டை உரிக்க மெத்திலீன் குளோரைடு, கடையில் எம்.டி.சி. என்போம். மேட்டுப்பாளையத்தில் நிரப்பிய கேனை இங்கே திறந்தால் ‘உஸ்’ என்று சீறும். சமவெளியில் 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதிக்கும் சரக்கு, 2,240 மீட்டர் உயரத்தில் 32 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். உள்ளங்கைச் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் பட்டறைத் தம்பி நீல நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) கையுறை போட்டுக்கொண்டு ஒரு கதவை உரித்தான். கால் மணி நேரத்தில் விரல் எரிகிறது என்றான். கழற்றினால் மோதிரத்துக்கு அடியில் தோல் வெந்தாற்போல் சிவந்திருந்தது. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மெல்லிய நைட்ரைலை எம்.டி.சி. ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஓட்டை தேவையில்லை, மூலக்கூறுகள் ரப்பருக்குள்ளேயே கரைந்து மறுபக்கம் வெளிவருகின்றன. ‘ஊடுருவல்’ என்றால் எங்கோ துளைத்துக்கொண்டு நுழைவதாகத்தான் தம்பி நினைப்பான். தையல் வழியாகவோ ஓட்டை வழியாகவோ வருவதற்கு அந்தச் சொல்லை விட்டுவைக்கலாம். ‘கசிவு’ என்றால் கேன் ஒழுகுகிறது என்று அர்த்தம். ‘ஓதம்’ எனக்குப் பிடித்திருந்தது, ஜூலையில் எங்கள் சுவரைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் அது ஒரு நோயின் பெயரும்கூட, பட்டறையில் சிரிப்பார்கள்.

நெல்லுக்கு விட்ட தண்ணீர் பக்கத்துப் புல்லுக்குப் பொசிகிறது என்கிறோமே, அந்தப் பொசிவுதான் இது. என் முன்மொழிவு: பொசிவு நேரம்.

*

ஐயா, வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன், பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பொசிவு நல்ல சொல். ஆனால் ‘பொசிவு நேரம் 2 நிமிடம்’ என்றால், இரண்டு நிமிடம் பொசிந்துவிட்டு நின்றுவிடும் என்றும் படிக்கலாமே! ஐரோப்பியச் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் என்ற வீதத்தைத் தொடும் கணத்தைத்தான் குறிக்கிறார்கள். அதன் பிறகுதான் வரத்தே கூடுகிறது. கடைக்காரரிடம் ‘எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்றுதானே கேட்போம்? ‘தாங்கு நேரம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

*

டீச்சர், முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ‘தாங்கு நேரம்’ மட்டும் வேண்டாம். அன்று கையுறை தாங்கத்தான் செய்தது. கிழியவில்லை, விரல்தான் வெந்தது. ‘பொசிதொடங்கு நேரம்’ என்று நீட்டிக்கொள்வோமா? வாய்க்குக் கொஞ்சம் கரடுமுரடு, அட்டவணைக்குச் சரி. லேபிளில் பெயர்ச்சொல்லே வேண்டாம், வாக்கியமாகவே எழுதிவிடலாம்: “இந்தக் கையுறை கிழியாமலே எம்.டி.சி. 2 நிமிடத்துக்குள் உள்ளே பொசியும்.”

மாற்றுக் கையுறை கேட்டவர்களுக்கு: பொட்டலத்தில் குடுவைப் படத்துக்குக் கீழே ‘D’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்; டைகுளோரோமீத்தேனுக்கு, அதாவது இதே எம்.டி.சி.க்குச் சோதித்ததற்கான குறி அது. பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறை நன்றாகத் தடுக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கரையும். எங்கள் ஊர் மழைக்கு அதை நம்ப முடியாது. பல அடுக்கு லேமினேட் கையுறையை உள்ளே போட்டு, அது தொளதொளவென்று இருப்பதால் மேலே ஒரு நைட்ரைல் போட்டுக்கொள்கிறோம்.

ஒன்றை விட்டுவிட்டேன். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்வதுதான் இங்கே பெரிய ஆபத்து. இதன் ஆவி காற்றைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், தரையோடு தேங்கும். அமெரிக்காவில் எட்டு மணி நேரச் சராசரிக்கு, தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷா வைத்த வரம்பு 25 பி.பி.எம்., அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு; மணம் தெரிவதற்குள் அதைப் பல மடங்கு தாண்டியிருக்கும். உடம்புக்குள் போனதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுக்கும். வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் அது தொடரும். சாதாரண கரி ஃபில்டர் முகமூடி இதற்குச் சீக்கிரமே காலாவதியாகிவிடும். அங்கேயும் இதே ‘பிரேக்த்ரூ’ என்ற சொல்தான். கரி நிரம்பி வழிவதைப் பொசிவு என்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. டீச்சர்தான் சொல்ல வேண்டும்.