மருந்தின் பெயர் வலது காதில்தான் விளங்குகிறது: எல்லோருக்கும் இப்படியா?

பாமசிப் பிள்ளை:
யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். வெளியில் ஹோர்ன் சத்தமும் கொண்டக்டர்மார் கூப்பிடுகிற சத்தமும் ஓயாது. அதற்குள்தான் சனம் கவுண்டரில் சாய்ந்து குசுகுசுக்கும். மூலத்துக்கு மருந்து கேட்கிற ஐயா இடப்பக்கம் நின்றாலும், தலையைத் திருப்பி வலது காதைத்தான் கொடுக்கிறேன்.

போனிலும் அப்படித்தான். வலது கையால் எழுத வேண்டும் என்பதால் போன் இடது காதில் இருக்கும். மருந்தின் பெயர் வந்த உடனே அது வலது காதுக்கு மாறிவிடும். மெட்போர்மினா, மெட்ரோனிடசோலா? ஒன்று சீனி வருத்தத்துக்கு, மற்றது கிருமிக்கு. மாறிப்போனால் ஒரு ஆளின் உடம்பு அல்லவா? இடது காதில் சத்தம் குறைவு என்றில்லை, சொல்தான் மங்கல். எனக்கு மட்டுமா இப்படி?

உயிரியல் ரீச்சர்:
இல்லை தங்கச்சி, கனபேருக்கு உண்டு. ஒவ்வொரு காதிலிருந்தும் மூளையின் இரண்டு பக்கத்துக்கும் செய்தி போகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் போகிற பாதை பலமானது. பேச்சைப் பிரித்தறிகிற வேலையை அநேகருக்கு இடப்பக்க மூளைதான் கூடுதலாகச் செய்கிறது. அதனால் வலது காதில் விழுகிற சொல்லுக்கு வழி நேர்.

1961இல் கனடாவின் உளவியலாளர் டொரீன் கிமுரா, இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைக் கேட்கவைத்தார். வலது காதில் விழுந்தவற்றைத்தான் ஆட்கள் கூடுதலாகத் திருப்பிச் சொன்னார்கள். 2009இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு உங்கட கவுண்டர் கதைதான். சத்தமான நடன விடுதிகளில் 286 பேரைக் கவனித்தபோது, 72 சதவீதப் பேச்சு, கேட்பவரின் வலப்பக்கம்தான் நடந்தது. அமைதியான அறையில் இந்த வித்தியாசம் தெரியாமலே போகும்.

இணுவில் நாதஸ்வரக்காரன்:
ரீச்சர், சொல்லுக்குச் சரி. சுரத்துக்கு? சுருதிப் பெட்டி இடப்பக்கம் இருந்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது.

உயிரியல் ரீச்சர்:
ஓம் அண்ணை, மெட்டுக்கு இடது காது முந்துகிறது என்று அதே கிமுரா 1964இல் காட்டினார். ஆனால் 1974இல் வந்த இன்னொரு ஆய்வில், இசை படித்தவர்களுக்கு மெட்டிலும் வலது காதே முந்தியது. நீங்கள் அந்தக் கணக்குக்குள் வரவில்லைப் போல!

ஓய்வுபெற்ற நேர்ஸ்:
பிள்ளை, ஒருக்கால் சோதித்துப் பாரும். சத்தமில்லாத அறையில், ஒரே போனை ஒரே அளவு சத்தத்தில் இரண்டு காதிலும் மாறி மாறி வைத்துக் கேளும். அங்கேயும் இடது மங்கல் என்றால் ஈ.என்.ரி. கிளினிக்குக்குப் போக வேண்டும். குறும்பி அடைத்திருந்தாலும் அப்படி வரும். எண்ணெய் காய்ச்சி ஊற்றவோ ஊசியால் கிண்டவோ வேண்டாம். ஒரு காது திடீரென்று கேளாமல் போனால் அது அவசரம், அடுத்த கிழமை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

பாமசிப் பிள்ளை:
நன்றி அக்கா, ரீச்சர். இரவு வீட்டில் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கிறது. வலது காதில் மாட்டுகிற ஹெட்செட் ஒன்று கேட்டிருக்கிறேன், எழுதக் கை மிஞ்சும். அது வந்தாலும் மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லி, மறுமுனையில் "ஓம்" வந்த பிறகுதான் பெட்டியை எடுப்பேன்.